வக்கீல்களுக்கும் வகுப்பு உண்டு: தொடர் சட்டக் கல்வி ஓர் எளிய அறிமுகம்

2024 ஜூன் 30 வரை ஒரு குற்றவியல் வக்கீல் "482 போட்டிருக்கேன்" என்றால், வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். மறுநாள் காலை புதுச் சட்டங்கள் அமலுக்கு வந்தன; அப்போதிலிருந்து அதே பிரிவு எண் முன்ஜாமீனுக்குப் போய்விட்டது. அதுவரை முன்ஜாமீனுக்கு இருந்த 438 இப்போது சீராய்வுக்காகக் கீழ் நீதிமன்றத்தின் ஆவணங்களை வரவழைக்கும் பிரிவு. ரத்து மனு 528-க்கு நகர்ந்தது. சட்டமே படிக்காதவருக்கும் தெரிந்த 302-இல் இன்று கொலை இல்லை. மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு இருக்கிறது. கொலைக்குத் தண்டனை 103. மோசடி 318. ஏமாற்றுக்காரனை 'ஃபோர் ட்வென்ட்டி' என்று திட்டும் பழக்கம் மட்டும்தான் மாறவில்லை.

இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் ஒரே நாளில் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்தன. பழையதை மறந்துவிடவும் முடியாது. 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். ஆக, ஒரே வக்கீல் ஒரே நாளில் இரண்டு சட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்கிறார்.

சரி, அவர் புதுச் சட்டத்தைப் படித்தாரா என்று யார் பார்க்கிறார்கள்? இந்தியாவில் யாரும் பார்ப்பதில்லை. 1990-இல் என்ரோல் ஆனவர், அதாவது வக்கீலாகப் பதிவு செய்துகொண்டவர், தகவல் தொழில்நுட்பச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டம், இன்றைய திவால் சட்டம், ஜி.எஸ்.டி. எதையும் கல்லூரியில் படித்திருக்க வழியில்லை. அவை அப்போது பிறக்கவே இல்லை. நல்ல வக்கீல்கள் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுடைய கட்சிக்காரர்களுக்குத் தோற்ற பிறகுதான் தெரிந்திருக்கும்.

பல நாடுகளில் இதை வக்கீலின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதில்லை. தொழில் செய்ய உரிமம் வேண்டுமென்றால் இத்தனை ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் கட்டாயத் தொடர் சட்டக் கல்வி என்று பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் சி.எல்.இ.; சிங்கப்பூர் போன்ற இடங்களில் சி.பி.டி. என்பார்கள். நம் ஊர் ஆடிட்டர்களுக்கு இது பழகிய விஷயம். தொழில் சான்றிதழ் வைத்திருக்கும், அறுபது வயதுக்கு உட்பட்ட ஒரு பட்டயக் கணக்காளர் மூன்று ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் வரி வக்கீலுக்கு அப்படி ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

கட்டாயம் என்ற யோசனை அமெரிக்காவில் பிறந்தது. வக்கீல்களுக்கான வகுப்புகள் அதற்கு முன்பே இருந்தன. நியூயார்க்கில் 1933-இல் தொடங்கிய பிராக்டிசிங் லா இன்ஸ்டிட்யூட் இன்றும் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பிய வக்கீல்கள் விட்ட இடத்தைப் பிடிக்க இப்படிப்பட்ட வகுப்புகள் உதவின. ஆனால் எல்லாம் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். 1970-களில் நிலைமை மாறியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி வாரன் பர்கர் 1973-இல் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, பெரிய வழக்குகளில் ஆஜராகும் வக்கீல்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை அதற்குத் தகுதியானவர்களே இல்லை என்று போட்டு உடைத்தார். அதே சமயத்தில் அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரம். அதில் மாட்டியவர்களில் வக்கீல்கள் ஏராளம். அந்தத் தொழிலின் மானம் கப்பலேறியது. 1975-இல் மின்னசோட்டா, அயோவா இரண்டு மாநிலங்களும் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கின. பிறகு ஒவ்வொன்றாக மற்ற மாநிலங்களும் சேர்ந்தன. மாசசூசெட்ஸ், மேரிலாந்து, மிச்சிகன், தெற்கு டகோட்டா போன்ற ஒரு சில மாநிலங்கள் மட்டும் இன்றும் வெளியே நிற்கின்றன.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மின்னசோட்டாவில் மூன்று ஆண்டுக்கு 45 மணி நேரம், கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25. எல்லாவற்றையும் அடுக்குவதைவிட ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். நியூயார்க்கை எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் விதிகள் சுவாரசியமாக இருக்கின்றன.

நியூயார்க்கில் வக்கீல்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக்கு 32 கிரெடிட், ஆண்டுக்கு 16. அதற்குமேல் அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24. ஒரு கிரெடிட் என்பது 50 நிமிடம். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்தை ஏன் கழித்தார்கள் என்று கேட்காதீர்கள். கல்லூரியில் பீரியட் எப்படி ஒரு மணி நேரமாக இருந்ததில்லையோ அப்படித்தான்.

புதியவர்களின் ஆண்டுக் கணக்கான 16-இல் மூன்று தொழில் நெறிமுறைக்கு, ஆறு கைத்திறனுக்கு, மீதி ஏழு அலுவலக நிர்வாகத்துக்கும் சட்டத் துறைகளுக்கும். கைத்திறன் என்றால் மனு எழுதுவது, சாட்சியை விசாரிப்பது, சமரசம் பேசுவது, கட்சிக்காரரிடம் விவரம் கறப்பது. நம் ஊரில் இதையெல்லாம் சீனியரின் ஆபீஸில் நாலு வருஷம் கட்டு தூக்கி, வாய்தா வாங்கி, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிறோம். நல்ல சீனியர் அமைந்தால் அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. அமையாதவர்களும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டுதானே வருகிறார்கள்? அந்த இடைவெளியைத்தான் இந்த ஆறு கிரெடிட் நிரப்பப் பார்க்கிறது. பதிவு செய்த வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்கவும் முடியாது. இந்தப் பாடத்துக்கு நேரில் வர வேண்டும், அல்லது கேள்வி கேட்டுப் பதில் பெறும்படியான நேரலையில் உட்கார வேண்டும்.

அனுபவசாலிகளின் 24-இல் நான்கு நெறிமுறைக்கு. பாகுபாட்டைத் தவிர்ப்பது பற்றி ஒன்று. 2023 ஜூலையிலிருந்து சைபர் பாதுகாப்பு, தனியுரிமை பற்றி ஒன்று. மீதியை அவரவர் துறைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். சொத்து வழக்குக்காரர் சொத்துச் சட்டம் படிக்கலாம். சீக்கிரம் விவாகரத்து வழக்குக்கு மாறப்போகிறேன் என்பவர் குடும்பச் சட்டம் படிக்கலாம்.

வகுப்பில் உட்காருவது ஒன்றே வழியில்லை. பாடம் எடுப்பவருக்கு 50 நிமிடப் பேச்சுக்கு மூன்று கிரெடிட் வரை உண்டு, தயாரிப்புக்கான உழைப்பையும் சேர்த்து. ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தினாலும் கிரெடிட் வரும். ஆனால் அதற்கு உச்சவரம்பு பத்து. எனக்கு இந்த விதி பிடிக்கும். படிப்புக் கணக்கும் ஏறுகிறது, வக்கீல் வைக்க வசதியில்லாத ஒருவருக்கு வக்கீலும் கிடைக்கிறார்.

கணக்கை யார் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் வக்கீலே தான். நியூயார்க்கில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்த நாளையொட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் 'தேவையான கிரெடிட்டை முடித்துவிட்டேன்' என்று உறுதி கூற வேண்டும். சான்றிதழ்களை அனுப்ப வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தால் போதும். ஆனால் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து 'எடுங்கள் பார்ப்போம்' என்று ஆடிட் வைப்பார்கள். படிவத்தில் பொய் சொன்னவர் அங்கே சிக்குவார். அப்போது பிரச்சினை கிரெடிட் குறைந்தது மட்டுமாக இருக்காது. உறுதிமொழியில் பொய் சொன்ன வக்கீல் என்று ஆகிவிடும். அந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட பெயர் எது?

வீடியோ வகுப்பில் இன்னொரு ஏற்பாடு. பாடத்தின் நடுவே எங்காவது ஒரு குறியீட்டு எண்ணோ சொல்லோ வரும். அதைக் குறித்துவைத்து, முடிவில் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். மனைவிக்குக் காய்கறி நறுக்கிக் கொடுத்துக்கொண்டே பாடம் கேட்பவரும் குறியீட்டைப் பிடித்துவிடலாம் என்பது வேறு விஷயம்.

முடிக்காவிட்டால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவில் கடும் நடவடிக்கை உண்டு. கெடு தாண்டினால் அபராதக் கட்டணம். அதற்கும் அசையாவிட்டால் தொழில் செய்யும் உரிமை நிறுத்தப்படும். அந்த நிலையில் ஆஜரானால் உரிமமில்லாமல் ஆஜரானதாகும். 1990-களில் இந்தத் திட்டத்தை எதிர்த்தே ஒரு வக்கீல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு விலக்கு, எனக்கு மட்டும் கட்டாயமா என்பது வாதம். கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திட்டத்தைக் காப்பாற்றியது. முதலில் 36 ஆக இருந்த மணிக்கணக்கு 25 ஆகக் குறைந்தது மிச்சம்.

பாடங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நெறிமுறைப் பாடம்தான். சட்டம் மாறினால் வக்கீலுக்கு எப்படியும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் எதிர்த் தரப்பு தெரியவைக்கும். நெறிமுறை அப்படியில்லை. கட்சிக்காரரின் பணம் வக்கீலின் கைக்கு வருகிறது; விபத்து வழக்கில் இழப்பீட்டுத் தொகை என்று வைத்துக்கொள்வோம். அதைத் தனிக் கணக்கில் போட வேண்டும். தன் கணக்கில் போட்டு, 'அடுத்த மாசம் எடுத்துக் கொடுத்துடலாம்' என்று வீட்டு வாடகைக்கு எடுத்தால், பிறகு முழுத் தொகையைக் கொடுத்தாலும் குற்றம் குற்றம்தான். நியூயார்க்கில் உரிமத்தையே பறிக்கக்கூடிய தவறு இது. இதை வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது முகத்துக்கு நேரே நினைவூட்டுவது நல்லது. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பார் கவுன்சிலின் விதிகளும் கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்கச் சொல்கின்றன. அந்த விதியைக் கல்லூரித் தேர்வுக்குப் பிறகு எத்தனை பேர் திரும்பப் படித்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

கட்சிக்காரரின் ரகசியம் இன்னொன்று. முன்பெல்லாம் கேஸ் கட்டை பீரோவில் பூட்டினால் போதும். இப்போது அது வாட்ஸ்அப்பில் இருக்கிறது, கிளவுடில் இருக்கிறது, சாட்ஜிபிடியில் ஒட்டப்படுகிறது. அமெரிக்க வக்கீல் சங்கம் 2012-லேயே, தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகளை அறிந்துவைத்திருப்பதும் வக்கீலின் கடமை என்று தன் மாதிரி விதிகளின் விளக்கத்தில் சேர்த்தது. அதன் பிறகு தொழில்நுட்பப் பாடத்தை முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் ஃபுளோரிடா.

இவ்வளவும் இருந்தும் பலன் உண்டா? இங்கேதான் சங்கடம். நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2023-இல் வந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததாகப் போட்ட சாதாரண நஷ்டஈட்டு வழக்கு. வாதியின் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில் பல உலகத்திலேயே இல்லாதவை. சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்தது; அவர்கள் சரிபார்க்காமல் போட்டுவிட்டார்கள். நீதிபதி காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். கூடவே வகுப்புக்குப் போகச் சொல்லியும் உத்தரவு போட்டிருக்கலாம். ஆனால் அந்த வக்கீல்களின் நிறுவனம் அதற்குள் தானாகவே செயற்கை நுண்ணறிவு பற்றிய தொடர் கல்வி வகுப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டதால், அது தேவையில்லை என்று விட்டுவிட்டார். இத்தனைக்கும் அதில் சிக்கியவர்கள் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள், கட்டாயக் கல்வி இருக்கும் மாநிலத்தில் தொழில் செய்தவர்கள். வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை அளக்க முடிகிறது. தீர்ப்பைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை அளக்க முடியவில்லை.

விமர்சகர்கள் சொல்வதும் இதையேதான். பெரும்பாலான வகுப்புகளுக்கு முடிவில் தேர்வு கிடையாது. கெடு நெருங்கும்போது கடைசி வாரத்தில் எந்த வகுப்பு மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கி எண்ணிக்கையை நிரப்புபவர்கள் உண்டு. கப்பல் சுற்றுலாவில் வகுப்பு, பனிச்சறுக்கு விடுதியில் வகுப்பு என்று விற்பவர்களும் உண்டு. காலையில் இரண்டு மணி நேரம் பாடம், அப்புறம் குடும்பத்தோடு உல்லாசம்.

இங்கிலாந்து இதில் வேறு வழிக்குப் போனது. அங்கே சொலிசிட்டர்கள் என்ற வகை வக்கீல்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்ற விதி பல காலம் இருந்தது. 2016 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். மணிக்கணக்கே இல்லை. அதற்குப் பதில், தன் வேலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஒவ்வொரு சொலிசிட்டரும் தானே யோசித்து, அதை அடைக்க என்ன செய்தேன் என்று எழுதிவைத்து, உரிமம் புதுப்பிக்கும்போது 'செய்துவிட்டேன்' என்று உறுதி சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தன் ஓட்டை தனக்கே தெரிகிற வக்கீலுக்கு இது அருமையான முறை. தெரியாதவரை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான், குறைகளோடு சேர்த்தும், நான் மணிக்கணக்கின் பக்கம் சாய்கிறேன். குறைந்தபட்சம் முதல் ஐந்து ஆண்டுகளுக்காவது.

இந்தியாவுக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் கருத்தரங்கு நடத்துவதையும் சட்டச் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்வதையும் பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. நடத்து என்று அவர்களுக்குச் சொல்கிறதே தவிர, வா என்று வக்கீல்களுக்குச் சொல்லவில்லை. என்ரோல் ஆன பிறகு வக்கீல் எழுத வேண்டிய ஒரே தேர்வு அகில இந்திய பார் தேர்வு. 2010-இல் கொண்டுவந்தார்கள்; சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதையும் எதிர்த்து வழக்கு நடந்து, 2023 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்று சொன்னது. அதற்கு முன், 1995-இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது, அதற்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2023 தீர்ப்பு அந்தப் பழைய தீர்ப்பின் பார்வையையும் ஏற்கவில்லை. எனவே இனி பார் கவுன்சில் மனது வைத்தால் பாதை முன்னைவிட அகலம்.

2015-இல் வந்த தொழில் சான்றிதழ் விதிகளைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் உண்மையிலேயே கோர்ட்டுக்குப் போகிறாரா, வக்காலத்து போடுகிறாரா, பட்டம் அசல்தானா என்று பார்ப்பதற்கான விதிகள் அவை. படிக்கிறாரா என்பது அவற்றின் கவலை அல்ல.

விருப்பப்பட்டுப் படிப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கேரளப் பார் கவுன்சில் எம்.கே.நம்பியார் பெயரில் இதற்கென்றே ஓர் அகாடமி வைத்திருக்கிறது. புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது தமிழ்நாட்டிலும் பல வழக்கறிஞர் சங்கங்கள் கூட்டம் போட்டன. போனவர்கள் பெரும்பாலும் போகத் தேவையில்லாதவர்கள். எந்த ஊரிலும் விருப்ப வகுப்பின் தலைவிதி அது.

இங்கே கட்டாயமாக்கினால் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஓர் உதாரணம் சொல்கிறேன். கைப்பேசியில் உள்ள வீடியோவையோ வாட்ஸ்அப் செய்தியையோ கோர்ட்டில் ஆவணமாகக் காட்டப் பழைய சட்டத்தில் 65பி சான்றிதழ் வேண்டும். இப்போது சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு. சட்டத்தோடு சேர்த்துப் படிவத்தையே கொடுத்துவிட்டார்கள். அதில் இரண்டு பகுதி: ஒன்றைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, எழுத வேண்டும். ஹேஷ் என்றால் என்ன, அதை எப்படி எடுப்பது, எடுத்த பிறகு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது ஏன் வேறாகிவிடும்? ஐம்பது நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுக்காவிட்டால், கட்சிக்காரரிடம் இருக்கும் ஒரே சாட்சியம் படிவக் கோளாறில் அடிபடும்.

செலவு யாருடையது என்பதுதான் கடைசி முடிச்சு. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் தங்கள் வக்கீல்களுக்குக் கட்டிவிடும். தனியாகத் தொழில் செய்பவர் தன் பையிலிருந்து கட்டுவார். தாலுகா கோர்ட்டில் மாதம் பத்தாயிரம் பார்ப்பதே பெரும்பாடாக இருக்கும் ஜூனியரிடம் கட்டணம் கேட்டால், அவர் வகுப்புக்கும் வரமாட்டார், தொழிலையும் விட்டுவிடலாம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், என்ரோல் செய்ய 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125-க்கு மேல் கூடாது என்று சொன்னது. அதுவரை சில மாநிலங்களில் பல ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழை மாணவர்களுக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் பார் கவுன்சில்களின் வரவு சுருங்கிவிட்டது. இனி இலவச வகுப்பு நடத்த வேண்டுமென்றால் அரசோ, உயர் நீதிமன்றமோ, கையில் காசுள்ள மூத்த வக்கீல்களோ முன்வர வேண்டும். பாடம் எடுத்தால் மூன்று மடங்கு கிரெடிட் என்ற நியூயார்க் விதியை இங்கேயும் வைத்தால், சீனியர்களில் சிலராவது மேடை ஏற மாட்டார்களா என்ன.